பந்தயக் காருக்கு மகள் எடுத்த சீட்டு

“அம்மா, நான் எடுத்தபடியாலோ அப்பாவின்ர கை உடைஞ்சது?”

என் ஐந்து வயது மகள் ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள். “பஸ் வரப்போகுது, கெதியாப் போடுங்கோ” என்றேன். எனக்கே தெரியாததை அவளுக்கு எப்படிச் சொல்வது?

அவள் எடுத்தது ஒரு கடதாசித் துண்டு. அப்போது அவளுக்கு இரண்டு வயது.

இந்தக் குளிர் நாட்டில், வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டோடு ஒரு கராஜ் இருக்கிறது. அந்த வருடம் பனி கரையத் தொடங்கியதும் என் கணவரும் மூன்று நண்பர்களும் அதற்குள் ஒரு பழைய காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ரேஸ் ஓடுவதற்காம். நகரத்துக்கு வெளியே, வட்டமான மண்பாதையில் இப்படியான கார்கள் ஓடும் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவர்களுக்கு வேறு கதையில்லை. ஊரில் நடந்த கலவரத்துக்குப் பிறகு ஆளுக்கொரு வழியாக இங்கே வந்து, ஒரே தொழிற்சாலையில் சேர்ந்து நண்பர்களானவர்கள். சனி, ஞாயிறு வந்தால் நால்வரும் காரோடுதான்.

முதலில் சீற்றுகளைக் கழற்றினார்கள். பிறகு கண்ணாடிகள் போயின. உள்ளே இரும்புக் குழாய்களால் ஒரு கூடு கட்டினார்கள். கார் உருண்டாலும் ஓடுபவர் நசியாமல் இருப்பதற்கு. கடைசியில் கதவுகளைத் திறக்கவே முடியாதபடி வெல்டிங் செய்து ஒட்டிவிட்டார்கள். ஓடுபவர் யன்னலால்தான் ஏறி இறங்க வேண்டும். தேத்தண்ணீர் கொண்டுபோகும் நேரமெல்லாம் அந்தக் கூட்டைப் பார்ப்பேன். பாதுகாப்புக்கென்று அவர்கள் ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க எனக்குப் பயம்தான் கூடியது. இவ்வளவு பாதுகாப்பு எதற்குத் தேவைப்படும் என்று நினைத்துப் பார்க்கிறவள் நான் ஒருத்திதான் போலிருந்தது.

கார் தயாரானதும் யார் ஓடுவது என்று பிரச்சினை வந்தது.

“வெல்டிங் முழுக்க என்ர கை. நான்தான் ஓடுவன்” என்றார் நால்வரில் மூத்தவரான மட்டக்களப்புக்காரர்.

“முதல்ல உங்கட வயிறு உந்த யன்னலுக்கால போகுமோ எண்டு பாருங்கோ அண்ணை” என்றார் மன்னார்க்காரர்.

“போகாட்டி நீ பின்னால நிண்டு தள்ளு.”

எல்லோரிலும் இளையவர், கல்யாணமாகாதவர், கையை உயர்த்தினார். “எனக்கு அழுறதுக்கு இஞ்ச ஆரும் இல்லை. என்னை விடுங்கோ.”

எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் என் கணவர் சிரித்தார். “உனக்கு லைசென்ஸ் கிடைச்சதே போன மாதம். அதுவும் மூண்டாந்தரம்.”

சண்டை முற்ற, மட்டக்களப்புக்காரர் சொன்னார்: “திருவுளச்சீட்டுப் போடுவம். குழந்தைப்பிள்ளை எடுத்தா கள்ளம் இருக்காது.” ஊரில் கோயில் விஷயங்களில் இணக்கம் வராவிட்டால் அப்படித்தான் செய்வார்கள். பெயர்களை எழுதிச் சுருட்டிச் சுவாமிக்கு முன்னால் போட்டு, ஒன்றும் அறியாத பிள்ளையை எடுக்க விடுவார்கள். எடுத்த பிறகு மறுபேச்சு இல்லை.

கணவரைக் குசினிக்குள் கூப்பிட்டேன். “உங்கட பேரை எழுதாதேங்கோ.”

“எழுதாட்டி, பயந்திட்டன் எண்டு சொல்லுவாங்கள். நாலில ஒண்டுதானே. நீர் கணக்குப் படிச்சனீர், யோசியும்.”

யோசித்தேன். நாலில் மூன்று பங்கு என் பக்கம் இருந்தது. மகளுக்கு முகம் கழுவிக் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

வேலை மேசையில் பிள்ளையார் படம் இருந்தது, அதற்கு முன்னால் சுருட்டிய நாலு சீட்டுகள். மன்னார்க்காரர் தன் பேர்ஸிலிருந்த மாதா படத்தை எடுத்துப் பக்கத்தில் சாய்த்தார். “எங்கட ஆளும் பாக்கட்டும். பிறகு ஒருபக்கத் தீர்ப்பு எண்டு சொல்லக்கூடாது.” சிரித்துக்கொண்டிருக்கும்போதே மகள் ஒரு சீட்டை எடுத்து வாய்க்குள் போட்டுவிட்டாள். கணவர் விரலை விட்டு அதை வெளியே எடுத்தார். ஈரக் கடதாசியை விரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பிள்ளை சாப்பிடத்தானே எடுத்தவ. திருப்பி எடுக்கச் சொல்லட்டோ?” என்று கேட்டேன்.

“தங்கச்சி, சாமிக்கு முன்னால வச்சிட்டம்” என்றார் மட்டக்களப்புக்காரர், மெதுவாக.

இரண்டாவது பந்தயத்தில், வளைவில் கார் சுழன்று குறுக்கே நின்றது. பின்னால் வந்த கார் பக்கவாட்டில் மோதியது. மகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தேன். யன்னலால்தான் கணவரை இழுத்தெடுத்தார்கள். அந்தக் கூடு இல்லாவிட்டால் ஆளே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மையாக இருக்கும். வலது கை முறிந்தது. இன்றைக்கும் அது தோளுக்கு மேலே எழும்பாது.

பிறகு கார் தறப்பாளால் மூடிக் கிடந்தது. இந்த வருடம் மறுபடியும் வெல்டிங் சத்தம் கேட்கிறது. மறுபடியும் சீட்டுப் போடப் போகிறார்களாம். “கையை உயத்தத்தான் ஏலாது, ஸ்ரியரிங் பிடிக்க ஏலும்” என்கிறார் கணவர்.

இளையவர் ஒருநாள் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, “எங்கட கைராசிக்காரி. அண்டைக்கு அப்பாவை எடுத்தது நீங்கள்தானே. இந்தமுறை என்னை எடுங்கோ, சொக்கிளேற் தாறன்” என்று பகிடி விட்டார். மகள் சிரிக்கவில்லை. அடுத்த நாள்தான் சப்பாத்துப் போடும்போது அப்படிக் கேட்டாள்.

அது தற்செயல் என்று சொல்லலாம். அப்படியென்றால் பிள்ளையாரையும் மாதாவையும் ஏன் வைத்தீர்கள் என்று கேட்பாள். சுவாமி காட்டியது என்று சொன்னால், அப்பாவின் கையை முறிக்கச் சுவாமி விரும்பினாரோ என்று கேட்பாள். கேட்கிற பிள்ளைதான்.

சீட்டே வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிப் பார்த்தேன். “அப்ப நானே ஓடுறன், பிரச்சினை முடிஞ்சுது” என்றார்.

பந்தயக் காலம் தொடங்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. மகளை எடுக்க விடாமல் தடுத்தால், தன் கை ராசியில்லாத கை என்றே நினைத்துக்கொள்வாள். எடுக்க விட்டால், இப்போது அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். வந்த பெயரை அவளே வாசிப்பாள். இதை வாசிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். அவளை அந்த மேசைக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா, கூடாதா? உங்களுக்குத் தெரிந்ததை எனக்கு எழுதுங்கள்.