அமாவாசை வடையும் மழைமானியும்

எங்கள் வீட்டுப் பின்புறம், ஓர் இரும்புக் கம்பத்தின் உச்சியில் வெள்ளைப் பக்கெட் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மழைமானி. மேலே புனல், உள்ளே தேக்கரண்டி அளவில் இரட்டைக் கிண்ணம். ஒரு பக்கம் நிறைந்தால் ‘டக்’ என்று கவிழும், மறுபக்கம் நிமிரும். ஒவ்வொரு டக்கும் கைப்பேசி வரைபடத்துக்குப் போய்விடும்; மழை விழும் இடத்தின் வெள்ளைப் புள்ளி நீலமாகும். வெள்ள எச்சரிக்கைக்காக எங்கள் ஊர் சிம்பாங் அம்பாட்டைச் சுற்றிப் பள்ளிகள், கடை மாடிகள், வீடுகள் என்று வைத்துக்கொண்டே வருகிறார்கள். என் வீடு ஏன் என்று கேட்டேன். பின்புறம் ஒன்றுமே வளரவில்லை, வெட்டவெளியாக இருக்கிறது என்றார்கள். என் தோட்டக்கலைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

இங்கே பெய்யும் மழை ஓடையில் இறங்கி, கீழே மஸ்ஜித் தானா ஊர்ப் பக்கம் அக்கா வீட்டுக் கொல்லையை ஒட்டிப் போகிறது. அத்தான் பக்கவாதத்தில் படுத்திருப்பவர். போன வருடம் அவர் கட்டில் கால் நனைந்த பிறகுதான் வெள்ளமே தெரிந்தது. அவரைத் தூக்க ஆட்கள் வேண்டும். அவர்கள் வேலையிலிருந்து வர நேரம் வேண்டும். அந்த நேரத்தைத் தரவேண்டியது பக்கெட்; மழை மிஞ்சினால் அக்காவின் கைப்பேசியை அலறவைக்கும். அந்த ஓடைக்கு இருக்கும் மழைமானி அது ஒன்றுதான். முன்பு அந்த வேலையை நான் பார்த்தேன். வானத்தை அண்ணாந்து பார்த்து எச்சரித்தபோதெல்லாம் அங்கே வெயில் அடித்தது. அக்கா என்னை நம்புவதை விட்டுவிட்டார்.

புரட்டாசி அமாவாசை. அப்பாவுக்குப் படைத்துவிட்டு, மனைவி பின்மதிலில் காக்கைக்கு இலை வைத்தாள். சாப்பிட உட்கார்ந்தோம். வடகிழக்கே தம்பின் ஊர்ப் பக்கம் வானம் கறுத்திருந்ததால் கைப்பேசியைத் திறந்தேன்.

வரைபடத்தில் புள்ளிகள் நீலமாகிக்கொண்டிருந்தன. வடகிழக்கில் ஒன்று. அதற்குக் கீழே இன்னொன்று. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல். மழை நடந்து வந்துகொண்டிருந்தது. இத்தனை வயதில் நான் அறிந்த மழையெல்லாம் தலையில் விழுந்த பிறகு அறிந்ததுதான். அது வரும் வழியை, ரசம் சாதத்தில் கைவைத்தபடி, அடியடியாகப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. ஒவ்வொரு புள்ளியும் நான் கண்டிராத யாரோ ஒருவரின் கூரை, யாரோ ஒருவரின் நனைகிற துணி. வாயில் வைத்த அப்பளத்தைக் கடிக்க மறந்துபோனேன்.

அப்போது எங்கள் கூரை அதிர்ந்தது. சுற்றிலும் எல்லாம் நீலம். எங்கள் புள்ளி மட்டும் வெள்ளை.

அக்காவைக் கூப்பிட்டேன்.

“அக்கா, இங்க பேய் மழை. அத்தான தூக்க ஆள் கூப்புடு.”

“இங்க வெயில் மண்டைய பொளக்குதுலா. பக்கெட் என்னா சொல்லுது?”

“பூஜ்யம்.”

“அப்புறம் என்னா? போயி சாப்புடு.”

பிளாஸ்டிக் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஏறிப் பார்த்தால், புனல் வாயை அச்சில் வார்த்ததுபோல் அடைத்துக்கொண்டு ஓர் உளுந்து வடை. மேலே நீர் தேங்கி வழிந்தது. காக்கைகள் இலையை விட்டுப் பக்கெட் விளிம்பில் பந்தி வைத்திருக்கின்றன. உயிரோடிருந்தபோதும் நான் பொறுப்பெடுத்த எதையும் அப்பா இப்படித்தான் வந்து நிறுத்துவார் என்று வாய்விட்டே திட்டினேன்.

“மொதல்ல வடைய எடுங்க. மாமாவ அப்புறம் திட்டலாம்” என்றாள் குடை பிடித்த மனைவி.

இடி இடிக்கையில் இரும்புக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நிற்பது நாலு புத்தகம் படித்தவன் செய்யும் காரியமல்ல. ஈர்க்குச்சியால் தோண்டினேன். நீர் இறங்கியது. பக்கெட்டில் காதை வைத்தேன். டக். டக். டக். அத்தனை பெரிய வானம் ஒரு தேக்கரண்டிக்குள் வந்து கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நனைவது மறந்து கேட்டுக்கொண்டே நின்றேன்.

ஈரக் கையோடு இருக்கும்போதே அக்கா அழைத்தார். “டேய், போன் கத்துது, செவப்பா வருது. ஆளுங்களுக்குச் சொல்லிட்டேன்.”

மாலையில், மேட்டிலிருக்கும் பாலாய் ராயா மண்டபத்திலிருந்து ஒரு படம் அனுப்பினார்: கட்டிலோடு அத்தான். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்த இன்னொரு படம்: கட்டில் கிடந்த இடத்தில் பழுப்பு நீர், அதில் மிதக்கும் ஒற்றைச் செருப்பு. எங்கள் குடையில் வழிந்த மழையும் அதில் கொஞ்சம் இருந்திருக்கும். அது ஓடையில் புரண்டு போய்ச் சேருமுன்னே, அதன் சேதி போய் ஒரு மனிதரைத் தூக்கி மேட்டில் வைத்திருந்தது. வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி அக்கா. வடை அடைத்த கதையைச் சொன்னேன். “அத்தான் கேக்குறாரு, மீதி வட இருக்கான்னு.”