நன்றி வரியில் விடுபட்ட பெயர்

செவிலிமேட்டிலிருந்து ஏகாம்பரம் தொலைபேசியில் அழைத்தார். "அக்கா போயிட்டாங்க டீச்சர். காலையில காபி குடிச்சுக்கினு பேசிக்கினுதான் இருந்தாங்க." அக்கா என்றது சகுந்தலாவை. கல்லூரியில் பல வருடம் நானும் அவளும் ஒரே மேசையில் கணிதத்தோடு மல்லுக்கட்டினோம். இதைப் படிக்கும் பழைய மாணவர்களே, உங்களில் பலருக்கு அவள் ஆசிரியை. எனக்குச் சண்டைக்காரி.

எழுபதுகளில் இருவரும் ஒரு விநோதமான வேலையில் இறங்கினோம். வாக்கியத்தில் எழுத்துகள் ஒரே வரியில் ஓடும். அப்படி ஓடாமல், கட்டம் கட்டமாக நீள அகலத்தோடு விரியும் உருவங்களுக்கு இலக்கணம் எழுதுவதுதான் அது. முதலில் மேல்வரிசை பிறக்கும்; பிறகு அதன் ஒவ்வொரு எழுத்திலிருந்தும் ஒரு நெடுவரிசை கீழே இறங்கும். "அட, இது எங்க வூட்டுப் பாவுதான்மா!" என்று, தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளைச் சொல்லி, முதல் நாளே சிரித்தாள், காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பெண்.

என் முதல் கட்டுரையைத் திங்கட்கிழமை சென்னையில் வாசிக்க வேண்டும். அது தேறினால்தான் ஆராய்ச்சிக்குப் பதிவு. சனிக்கிழமை, "வூட்டுக்கு வா, வடை சுடறேன்" என்று இழுத்துப் போனாள். தறியில் இருந்த தம்பி ஏகாம்பரம் என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, பாவில் நாலு இழையை விரலால் தொட்டார். "ஒவ்வொரு நெடுவரிசையும் இஷ்டப்பட்ட எடத்துல நின்னுக்கலாம்னு எழுதிக்கிறீங்க. இந்த நாலு இங்கயே நின்னுட்டு மீதி போய்க்கினே இருந்தா, குறுக்கால போற ஊடை எதுமேல ஓடும் டீச்சர்?" அவருக்கு அந்தத் தாள் எப்படிப் புரிந்தது என்று நான் யோசிக்கவே இல்லை.

எனக்கு வந்ததே கோபம்! தாளைக் கசக்கி வீசினேன். சகுந்தலா அதை எடுத்து நீவி வைத்தாள். "மொதல்ல வடையத் தின்னு. பசியில இருந்தா உனுக்கு விதியும் வராது, ஒண்ணும் வராது." தின்றேன். எல்லா நெடுவரிசைகளும் ஒரே நீளத்தில் நிற்க வேண்டும் என்று அதே தாளில் ஒரு விதி சேர்த்தேன். கட்டுரை தேறியது. அந்தத் தாளின் அடியிலேயே ஏகாம்பரத்துக்கு நன்றி எழுதியிருந்தேன். "நல்ல காரியம் பண்ணே" என்று தலையாட்டினாள், கள்ளி.

துக்கம் விசாரிக்கப் போனபோது ஏகாம்பரம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பக் கண்டுபுடிச்சது அக்காதான் டீச்சர். அவங்க சொன்னா நீங்க கோவிச்சுக்கினு சென்னைக்கே போமாட்டீங்கன்னு என்னைச் சொல்லச் சொன்னாங்க. பாவுல காட்டினது மட்டும்தான் என் ஐடியா."

சாவு வீடென்றும் பாராமல் சிரித்துவிட்டேன். பிறகு அழுதேன். இத்தனை வருடத்தில், எத்தனையோ சண்டைகளில், ஒரு தடவைகூட அவள் இதைச் சொல்லிக்காட்டவில்லை.

அந்தக் கசங்கிய தாள் என்னிடம் இருக்கிறது. ஓரத்தில் அவள் விரல் பட்ட வடை எண்ணெய். அடியில் என் நன்றி வரி. இன்று காலை ஏகாம்பரத்தின் பெயருக்கு முன்னால் கொஞ்சம் இடம் பார்த்து, சகுந்தலா என்று எழுதினேன்.