கூவம் வெள்ளத்தில் ஒரு பம்புத் தோல்

நாட்டுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷம், ஐப்பசி மாதம். ஆவடிக்குப் பக்கத்தில் வெள்ளானூரில் வாழ்க்கைப்பட்டிருந்த எனக்கு அது முதல் பிரசவம். அடைமழை பிடித்து, விடுவேனா என்று கொட்டிக்கொண்டிருந்தது. காலையில் வலி கண்டதும் மருத்துவச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் கவனித்துவிட்டேன். குழந்தை குறுக்கே கிடக்கிறது, என்னால் ஆகாது, பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று என் மாமியாரைத் தனியே அழைத்துச் சொன்னாள். தனியே சொன்னதுதான், ஆனால் ஓலைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த எனக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

ரயிலேறிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கே போகலாமென்றால், அம்பத்தூர்ப் பக்கம் தண்டவாளத்தின் மேல் தண்ணீர் போகிறது, ரயில் கிடையாது என்றார்கள். என் கணவர் கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி என்னை ஏற்றினார். மாமியார் என் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். ஆவடி தாண்டி, பருத்திப்பட்டு தாண்டி, கூவம் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பூந்தமல்லி ரோடு. நடுவில் இருந்த தரைப்பாலத்தைக் காணவில்லை. பழுப்பு நிறத்தில் தண்ணீர் சுழன்றுகொண்டு ஓடியது.

மழைக்காலத்தில் அங்கே ஒருவர் படகு விடுவார். படகின் பின்பக்கத்தில் மாட்டுகிற பழைய மோட்டார் ஒன்று அவரிடம் இருந்தது. சண்டை முடிந்து ராணுவத்தார் கழித்துவிட்ட சாமான்களோடு வந்தது என்பார்கள். மேலே எஞ்சின், அதிலிருந்து ஒரு கால் மாதிரி தண்ணீருக்குள் இறங்கும், அந்தக் காலின் முனையில் கியர் பெட்டியும் தண்ணீரைத் தள்ளுகிற விசிறியும் இருக்கும். நாங்கள் போனபோது படகு கரையேறிக் கிடந்தது. படகுக்காரர் டீக்கடைக் கூரைக்குக் கீழே அந்த மோட்டாரைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்குப் படகு இல்ல நைனா. கியர் ஆயிலு ஒழுவுது" என்றார்.

என் கணவர் வண்டியைக் காட்டினார். அவர் எட்டிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் குரல் இறங்கிவிட்டது.

"ஆயிலு வெளிய போவுது, தண்ணி உள்ள பூந்துக்குது. நடு ஆத்துல பல்லு இறுகிக்கினா மோட்டார் நின்னுரும். துடுப்பு போட்டு இந்த வெள்ளத்துல சமாளிக்க முடியாது. புள்ளத்தாச்சிய ஏத்திகினு போயி முழுவடிக்கச் சொல்றியா? இன்னும் ஒரே ஒரு வாட்டி ஊத்தறதுக்குத்தான் ஆயிலு கீது. அதையும் ஊத்தி அதுவும் ஒழுவிடுச்சுன்னா?"

"எங்கேர்ந்து ஒழுவுது அண்ணாத்தே?" என்று கேட்டார் என் கணவர்.

"அடியில ஒரு திருகு கீது. அதுலதான் போவுதுன்னு வாஷர் மாத்தினேன். சோப்பும் சணலும் வெச்சு அடைச்சேன். அப்பவும் போவுது. எனக்கு ஒண்ணும் பிரியல."

வலி விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. வலி விட்ட நேரத்தில் இந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. என் அப்பா அம்பத்தூரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். கல்யாணமாகும் வரை நான் அந்தக் கடையிலேயே கிடந்தவள். எங்கே ஓட்டை என்று தெரியாத டியூபை என்ன செய்வோம்? காற்றை அடித்துத் தண்ணீரில் அமுக்குவோம். குமிழி வருகிற இடம் ஓட்டை. இவ்வளவுதானே என்று தோன்றியது.

"இன்னாங்க, பஞ்சர் பாக்கற மாதிரி பாக்கச் சொல்லுங்க. காத்தடிச்சுத் தண்ணியில வெக்கச் சொல்லுங்க" என்று கத்தினேன்.

"அடியே, உசுருக்குப் போராடிகினு கீறே, உனக்கு எதுக்குடி மோட்டாரு? வாய மூடிகினு படு!" என்று மாமியார் என் வாயைப் பொத்தினார்.

ஆனால் படகுக்காரர் எழுந்து வண்டியருகே வந்துவிட்டார். "நீ சொல்லு தாயே" என்றார். சொன்னேன். அவர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

மழைக்கு ஒதுங்கி டீக்கடையில் ஒருவர் நின்றிருந்தார். சைக்கிளில் கருவாட்டுக் கூடை கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்கிறவர். அவரிடம் கைப் பம்பு இருந்தது. கேட்டதும் கொடுத்தார். டீக்கடை முன்னால் வண்டி மாடுகள் தண்ணீர் குடிக்கிற கல்தொட்டி ஒன்று உண்டு. என் கணவரும் படகுக்காரரும் மோட்டாரைத் தூக்கி வந்தார்கள். கீழ்த் திருகைக் கழற்றி எண்ணெயை வடித்தபோது அது எண்ணெயாக இல்லை, மோர் மாதிரி வெளுத்து வந்தது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அந்தத் திருகை மூடிவிட்டு, எண்ணெய் ஊற்றுகிற மேல் துளையில் பம்பின் குழாயை வைத்து ஈரத்துணியால் சுற்றி, கியர் பெட்டியைத் தொட்டிக்குள் இறக்கினார்கள். கருவாட்டுக்காரரே பம்பு அடித்தார்.

அடித் திருகில் குமிழி இல்லை. பெட்டியின் இரண்டு பாதியும் சேர்கிற விளிம்பிலும் இல்லை. "ஒண்ணும் காணோமே" என்று என் கணவர் சொல்லி வாய் மூடவில்லை, விசிறிக்குப் பின்னாலிருந்து பொலபொலவென்று குமிழிகள் கிளம்பின. நான் வண்டியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தேன். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

விசிறியைக் கழற்றினார்கள். அதற்குப் பின்னால், விசிறியைச் சுழற்றுகிற தண்டைச் சுற்றி வலைநூல், மோதிரம் போட்ட மாதிரி இறுகிக் கிடந்தது. வெள்ளத்தில் அடித்து வந்த கிழிந்த வலை எங்கேயோ மாட்டியிருக்கிறது. தண்டு சுழலச் சுழல, எண்ணெயை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும் தோல் வளையத்தை அந்த நூல் அறுத்துத் தின்றிருந்தது.

"அடப்பாவி, நான் திருகைப் புடிச்சு ஆட்டிகினு கீறேன், இது இங்க குந்திகினு கீது" என்று படகுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவர் முகம் தொங்கிவிட்டது. "எடம் தெரிஞ்சு இன்னா? தோலுக்கு எங்க போறது?"

என் கணவர் தன் செருப்பு வாரை அறுத்து வட்டமாக நறுக்கிக் கொடுத்தார். அதை வைத்து மறுபடி பம்பு அடித்தால் மறுபடி குமிழி. தடித்த தோல், வளையவில்லை.

அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது, எந்தத் தோல் சரியாக இருக்கும் என்று. சைக்கிள் பம்பின் உள்ளே, கிண்ணம் மாதிரி மெல்லிய தோல் ஒன்று இருக்கும். எண்ணெயில் ஊறியது, உரசிக்கொண்டே இருந்தாலும் காற்றை விடாது. ஆனால் கேட்க வாய் வரவில்லை. வந்ததிலிருந்து அந்தக் கருவாட்டுக்காரர் தன் பின் சக்கரத்துக்குக் காற்று அடிப்பதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். அடித்த காற்று கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. தோலை எடுத்துவிட்டால் பம்பு வெறும் குழாய். அடுத்த வலி வந்தது. அது என்னைப் பேச வைத்தது.

"அண்ணே, உங்க பம்புக்குள்ள ஒரு தோலு..." என்றேன். அதற்குமேல் சொல்ல முடியவில்லை.

அவர் கையிலிருந்த பம்பைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். மழை பெய்கிற ரோட்டைப் பார்த்தார். எனக்கு அது ஒரு யுகமாக இருந்தது. பிறகு குந்தி உட்கார்ந்து பம்பின் மூடியைத் திருகிக் கழற்றத் தொடங்கினார்.

"நீங்க எம்மாந்தூரம் போவணும்?" என்று என் மாமியார்தான் கேட்டார்.

"நெமிலிச்சேரி. தள்ளிகினு போறேன், காலு கீதுல்ல?" என்று தலை நிமிராமல் சொன்னார்.

படகுக்காரர் அந்தத் தோலின் நடுவே கத்தியால் அளவாக வெட்டித் தண்டில் ஏற்றி, பழைய வளையம் இருந்த இடத்தில் அமுக்கிப் பொருத்தினார். இனிச் சோதித்துப் பார்க்கப் பம்பு இல்லை. என் கணவர் துளையில் வாயை வைத்துத் தம் கட்டி ஊதினார். குமிழி வரவில்லை. வாய்க் காற்று எந்த மூலைக்கு? ஆனாலும் கடைசி எண்ணெயை ஊற்றி, விசிறியை மாட்டி, மோட்டாரைப் படகில் பொருத்தினார்கள். என்னைப் படகில் கிடத்தினார்கள்.

மோட்டார் பிடித்தது. நடு ஆற்றுக்குப் போனதும் படகு பக்கவாட்டில் இழுபட்டது. படகுக்காரர் ஒரு கையால் மோட்டாரைப் பிடித்தபடி குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் ஒழுகினால் தண்ணீர் மேல் வானவில் மாதிரி படலம் விரியும். மாமியார் என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் வளையல் உடைந்தது. திடீரென்று வேரோடு சாய்ந்த பனைமரம் ஒன்று எங்களை நோக்கி வந்தது. "குனிஞ்சிக்கங்க!" என்று கத்திவிட்டு அவர் மோட்டாரை முழு வேகத்தில் முறுக்கினார். அது ஒரு கத்துக் கத்தியது. இந்த நிமிஷம் நின்றால் முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். நிற்கவில்லை. மரத்தின் வேர் படகின் விளிம்பை உரசிக்கொண்டு போனது.

அக்கரையில் இறங்கும்போது படகுக்காரர் தண்ணீரைக் கையால் அள்ளிப் பார்த்தார். "ஒரு பொட்டு இல்ல தாயே" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா, இன்னும் தாமதித்திருந்தால் என் கையிலும் இல்லை என்று சொல்லிக்கொண்டே குழந்தையைத் திருப்பி எடுத்தார். பெண் குழந்தை. அழுவதற்குக் கொஞ்சம் யோசித்தாள், அப்புறம் நன்றாகவே அழுதாள்.

மழை ஓய்ந்து நான் வீடு திரும்பியதும் என் கணவர் புதுப் பம்பு ஒன்று வாங்கிக்கொண்டு நெமிலிச்சேரிக்குப் போனார். அந்த மனிதரின் பெயரைக்கூட நாங்கள் கேட்டிருக்கவில்லை. விசாரித்து விசாரித்துப் பல நாள் அலைந்து, கடைசியில் ஆவடிச் சந்தையில் பார்த்துவிட்டார். அப்படியே வீட்டுக்கு அழைத்து வந்தார். வாசலில் சைக்கிளை நிறுத்தியவர், கையில் குழந்தையோடு என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"பொழைச்சிகினியாம்மா!" என்றார். "படகு அக்கரைக்குப் போற வரிக்கும் நின்னு பாத்துகினேதான் இருந்தேன். நடுவுல மழை மறைச்சிடுச்சு. ஒண்ணும் தெரியல. அந்தத் தோலு தேஞ்ச தோலு. தாங்கிச்சோ தாங்கலியோ, நாமளே குடுத்து அனுப்பிட்டமேன்னு எனக்குத் தூக்கமே இல்ல."

அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனதில், ஈரத்தில் கூடைச் சரக்கு பாதி கெட்டுப்போன கதையை என் கணவர் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார். பம்பை வாங்க மாட்டேன் என்றவரை என் மாமியார்தான் அதட்டி வாங்க வைத்தார். பிறகு கருவாட்டுக்காரர் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் பிழைத்த சந்தோஷத்தில் நான் நிம்மதியாகத் தூங்கிய நாட்களில் எல்லாம், என் பெயர்கூடத் தெரியாத ஒருவர் எனக்காகத் தூங்காமல் இருந்திருக்கிறார். அதை அறிந்த நாளிலிருந்து, முன்பின் தெரியாதவர் என்று யாரையும் தள்ளி நிறுத்திப் பேச எனக்கு மனம் வருவதில்லை.