ஐஸ் பெக்டரிக் கூரையில் என் சாரன்

இன்றைக்கு ஒரு கதை சொல்லப் போகிறேன். ஒருவரும் நம்பமாட்டீர்கள் என்று இப்போதே உறுதி தருகிறேன்.

என் மனைவியே நம்பவில்லை. (அவள் கல்யாணத்துக்குப் பிறகு என்னை நம்பியதே இல்லை. அது வேறு வழக்கு.)

ஆலங்குடாவுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், கடலோரத்தில் எங்கள் ஊர். ஊருக்கு நடுவில் ஓர் ஐஸ் பெக்டரி.

மீனை ஐஸ் காப்பாற்றுகிறது. ஐஸை அமோனியா என்ற வாயு காப்பாற்றுகிறது. அந்த அமோனியாவிடமிருந்து எங்களை யார் காப்பாற்றுவது என்று இருபது வருசமாக யாரும் கேட்கவில்லை.

ஐஸ் தயாரானால் சைரன் அடிப்பார்கள். சைரன் கேட்டதும் ஊரே ரெஜிபோம் பெட்டியை, அதுதான் ஐஸ் உருகாமல் காக்கும் வெள்ளை நுரைப் பெட்டியை, தூக்கிக்கொண்டு ஓடும். பிந்தினால் ஐஸ் இல்லை, பிடித்த மீன் கருவாடு.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சைரன் அடித்தது.

ஐஸுக்கு அல்ல. உள்ளே பைப் வெடித்து வாயு கசிகிறது, தப்பி ஓடுங்கள் என்பதற்கு.

ஊர் ஓடியது. பெட்டியோடு. பெக்டரியை நோக்கி.

கேற்றில் நின்ற தொழிலாளி இரண்டு கையையும் ஆட்டினார். “வராதீங்க, திரும்பிப் போங்க, போங்க.”

ஐஸ் குறைந்த நாட்களிலும் அவர் இதையேதான் சொல்வார். அதனால் எங்கள் ஆட்கள் இன்னும் நெருக்கினார்கள்.

“நேத்தும் இப்பிடித்தான் சொன்னீங்க. எனக்கு ரெண்டு பெட்டி போடுங்க” என்றார் மீன் வியாபாரி நஸீர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

அந்த மணத்தை எப்படிச் சொல்ல? காகங்கள் மன்னார் வரைக்கும் பறந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தன. என் தாடியில் கறுப்பாக மிஞ்சியிருந்த இரண்டு மயிரும் அன்றோடு வெள்ளை. காயப்போட்ட கருவாடெல்லாம் மானம் போய்க் கவிழ்ந்து படுத்துவிட்டன.

அப்போதுதான் ஊருக்கு விளங்கி, எல்லாரும் திரும்பிக் காற்றோடு சேர்ந்து ஓடினார்கள். நான் மட்டும் ஓடவில்லை. கரையில் கை கட்டி நின்று, காற்றை ஆராய்ந்துகொண்டிருந்தேன். (இந்த வரியை நினைவில் வைத்திருங்கள்.)

சோளகம் என்கிற பருவக் காற்று. கடலிலிருந்து பெக்டரிக்கு, பெக்டரியிலிருந்து கேற்றுக்கு எதிரே இருக்கும் என் மகள் ரிஸானாவின் வீட்டுக்கு.

அவளுக்குப் பிள்ளை பிறந்து இருபத்திரண்டு நாள்.

நாற்பது நாள் முடியாமல் வாசலைத் தாண்டக்கூடாதவள், பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு றோட்டில் ஓடினாள். காற்று போகிற பக்கமாகவே ஓடினாள். வாயுவும் அவளோடு கூடவே ஓடியது.

நான் பறந்தேன். மூன்று வேலி, ஒரு மாடு, இரண்டு த்ரீவீல், எல்லாவற்றுக்கும் மேலால்.

“மகள், அங்கால ஓடாத. காத்துக்குக் குறுக்கால வா, தெக்குப் பக்கம்.”

“எல்லாரும் இங்காலதானே ஓடுறாங்க வாப்பா?”

“எல்லாருக்கும் விசர். நீ வா.”

என் துவாயை றோட்டுக் குழாயில் நனைத்து அவள் மூக்கை மூடிக் கட்டினேன். தெற்கே தென்னந்தோட்டத்துக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் பேரன் இருமலை நிறுத்தினான். ஆஸ்பத்திரியில் காட்டினோம். அல்லாஹ் காப்பாற்றினான், ஒன்றுமில்லை.

மறுநாள் காலை ஒரு கதிரையைக் கொண்டுபோய்ப் பெக்டரிக் கேற்றுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் நாலு லட்சம் சனம். (எண்ணினால் நாற்பது வரும். எண்ணாதீர்கள்.)

மெனேஜர் வந்தார். “சின்ன லீக் காக்கா. கால் மணித்தியாலத்துல அடைச்சாச்சு. ஏன் பெரிசாக்குறீங்க?” (காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன், மன்னாருக்குப் பறந்த காகம் அல்ல.)

“என்ட பேரன்ட நெஞ்சு எவ்வளவு பெரிசு எண்டு வந்து பாருங்க தம்பி. பொறகு சின்ன லீக் எது எண்டு பேசுவம்.”

“இப்ப என்னதான் வேணும் உங்களுக்கு?”

“ஐஸுக்கு மணி அடிங்க. சைரன் ஆபத்துக்கு மட்டும். உள்ளுக்கு எவ்வளவு அமோனியா வெச்சிரிக்கீங்க, அது வெளிய வந்தா நாங்க எந்தப் பக்கம் போற எண்டு ஊருக்குச் சொல்லுங்க. ஒருக்கா எல்லாருமா அந்தப் பக்கம் நடந்தும் பாக்கோணும். காத்துப் பாக்க மேல ஒரு துணி கட்டுங்க.”

“கொழும்பு ஒபிஸ்ல கேக்கோணும்.”

“சோளகம் கொழும்புல கேட்டுட்டா வருது?”

காற்றைத் தேடி வெள்ளைக்காரன் ஏழு கடல் தாண்டி எங்கள் கரைக்கு வந்து, பட்டத்தில் தொங்கி அலைமேல் சறுக்கி விளையாடுகிறான். அதே காற்றைக் காட்ட ஒரு முழத் துணிக்கு எங்களுக்கு அனுமதி வேண்டுமாம்.

எழும்பினேன். கூரைக்கு ஏணி வழியாக ஏறினேன். கம்பியில் என் சாரனைக் கழற்றிக் கட்டினேன். (உள்ளே அரைக்கால்சட்டை இருந்தது. இது குடும்பத்தோடு வாசிக்கும் பதிவு.)

“கழட்டுங்க காக்கா, கம்பனிக்கு மரியாதயில்ல” என்று கீழிருந்து மெனேஜர்.

“உங்கட சைரன் பொய் சொன்ன. என்ட சாரன் பொய் சொல்லாது.”

மூன்றாம் நாள் ஐஸுக்கு மணி வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு சைரன் அடித்து ஒத்திகை பார்த்தார்கள். ஊரே சாரனை அண்ணாந்து பார்த்து, காற்றுக்குக் குறுக்கே நடந்தது. நஸீர் மட்டும் பெட்டியோடு வந்தார். அவரையும் பெட்டியையும் சேர்த்துத் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.

சரி. காகம், மாடு, நாலு லட்சம், எதையும் நம்பவேண்டாம்.

ஆனால் மறைத்த ஒரு சின்ன உண்மையை மட்டும் சொல்லிவிடுகிறேன். காற்றை ஆராய்ந்த மேதாவி யாரும் அன்று கரையில் நிற்கவில்லை. கேற்றில் முதல் ஆளாக, பெட்டியோடு, நஸீரை முழங்கையால் தள்ளிக்கொண்டு நின்றவன் நான். முதுகுக்குப் பின்னால் பேரன் இருமிய பிறகுதான் திரும்பினேன்.

நேற்றும் சாரனைக் கழற்றச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

கழற்றமாட்டேன்.

உங்கள் ஊரில் சைரன் அடித்தால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்?