அவிழாத முறுக்கு

எங்கள் வீட்டு ஷோகேஸில் சாமி படத்துக்குக் கீழே ஒரு ஜல்லிக்கல் இருக்கிறது. கட்டைவிரல் அளவுதான். வருகிறவர்கள் ஏதோ மலைக்கோயிலிலிருந்து எடுத்துவந்த கல் என்று நினைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நான் தடுப்பதில்லை. ஒற்றிக்கொண்ட பிறகு சொல்வேன், அது எங்கள் தெரு ரோட்டிலிருந்து பெயர்ந்த கல் என்று. அந்த ரோட்டைப் போட்ட கான்டிராக்டர் இப்போது உயிரோடு இல்லை. செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது என்பார்கள். நான் பேசுவேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, பிளாஸ்டிக் குப்பையைச் சேர்த்துத் தார் ரோடு போடலாம் என்ற பேச்சு ஆரணிக்கும் வந்தது. எங்கள் மகளிர் குழுவுக்குப் பிளாஸ்டிக் வெட்டும் மெஷின் ஒன்று கொடுத்தார்கள். நான் குழுத் தலைவி. எங்களில் மூத்தவரைப் பெரியக்கா என்போம். பத்துப் பேரும் தறி வீட்டுப் பெண்கள். புடவைக் கவர், பால் கவர் என்று வீடு வீடாக வாங்கி, கழுவி, வெயிலில் காயவைத்து, மிளகாய் விதை அளவுக்கு வெட்டிச் சாக்கில் கட்டுவோம். வீட்டுக்குள்ளேயே நூல் சுற்றிக் காலம் போன எங்களுக்கு, ஊர் நடக்கும் ரோட்டில் எங்கள் கை பட்டிருக்கிறது என்பது பெரிய விஷயம். பெருமை கொஞ்சம் தலைக்கு ஏறித்தான் இருந்தது.

வேலையைக் கவனித்துக்கொண்ட இன்ஜினியர் நல்ல மனிதர், ஆனால் சந்தேகப் பிராணி. எங்கள் மூட்டைகளை முதல்முறை பார்த்ததும் முகம் சுளித்தார். "இன்னாம்மா இது, வாயில முடிச்சே காணோம்? லாரி ஆடுனா கொட்டிகினே போவுமே!" என்றார். தறியில் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலைச் சேர்க்கும்போது நாங்கள் முடிச்சுப் போடமாட்டோம். முடிச்சு, நூல் நுழையும் அச்சுப் பல்லில் சிக்கும். சாம்பலைத் தொட்டு இரண்டு நுனியையும் விரலால் முறுக்கி விடுவோம். அதே பழக்கத்தில், சாக்கு வாயையும் அரக்கு நிறக் கழிவுப் பட்டு நூலால் சுற்றி முறுக்கியே விட்டிருந்தோம். பெரியக்கா விடவில்லை. "இழுத்துப் பாருங்க சார். அவுந்துச்சுனா தறிய வித்துடுறோம்" என்றார். இன்ஜினியர் இழுத்தார், வரவில்லை. பெரியக்கா எதிர்ப்பக்கம் திருகி அவிழ்த்துக் காட்டி, "இப்ப நீங்க போடுங்க" என்றதும் அரைமணி நேரம் முயன்று தோற்றார். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். சூடான ஜல்லியில் பிளாஸ்டிக்கைத் தூவினால் உருகிக் கல்லைப் போர்த்திக்கொள்ளும், அதன்மேல் பிடித்த தாரைத் தண்ணீர் கழற்றாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான்.

எங்கள் தெருவுக்கே முதல் ரோடு வந்தது. பார்க்கப் போன எங்களைக் கான்டிராக்டர், "பொம்பளைங்களுக்கு இங்க இன்னா வேலை? தார் தெறிக்கும், ஜல்தி வூட்டுக்குப் போங்க" என்று துரத்தினார். ஐப்பசி மழையில் ரோடு அப்பளம் மாதிரி பெயர்ந்தது. ஊரே கூடி நின்று கேட்டபோது அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. "எனக்கு ரோடு போடத் தெரியாதாங்க? இவங்க பால் கவர கழுவாமயே வெட்டிக் குடுத்துட்டாங்க. குப்பைய நம்பினா பேஜார்தான்!" என்றார். ஊர் நம்பியது. மெஷினை லாரியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள். கை சுத்தத்துக்குப் பேர்போன பெரியக்காவைக் குழாயடியில், "குடத்தையாவது கழுவுனியா?" என்று கேட்டார்கள். அதன்பின் அவர் குழாயடிக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

பெயர்ந்த ஜல்லி ஒன்றை எடுத்துவந்து கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவைத்தேன். மூன்றாம் நாள் தார் கழன்று அடியில் கிடந்தது. கல் மொட்டையாக இருந்தது. எங்கள் பிளாஸ்டிக் அதில் படவே இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு டம்ளரைத் தூக்கிக்கொண்டு போய் யாரிடம் சொல்வது? ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். நான் ஆறவிடவில்லை. இரண்டு வருடம் காத்திருந்தேன்.

கான்டிராக்டர் புதுவீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தார். ஊரையே அழைத்தவர், பழசையெல்லாம் மறந்திருப்பேன் என்று எனக்கும் பத்திரிகை வைத்தார். போனேன், பந்தியில் உட்கார்ந்தேன். கை கழுவப் பின்பக்கம் போனபோது, தகரக் கொட்டகையில் தார்ப்பாய் விலகிய இடத்தில் அரக்கு நிறம் தெரிந்தது. எங்கள் மூட்டைகள். ஒரு முறுக்கும் அவிழவில்லை. தூவிக் கிளற இன்னொரு ஆளுக்குக் கூலி கொடுக்க மனமில்லாமல் கான்டிராக்டர் போடாமலே விட்டிருக்கிறார். எரித்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும், ஆற்றில் கொட்டினால் மிதக்கும். ஒழிக்க வழியில்லாமல் அங்கேயே அடுக்கிவிட்டார்.

ஒரு மூட்டையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பந்தலுக்கு வந்து, முன்வரிசையில் இருந்த இன்ஜினியரின் காலடியில் போட்டேன். "சார், முடிச்சுப் போடச் சொன்னீங்களே. இதப் பாருங்க" என்றேன். குனிந்து பார்த்தார். தொட்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது. கான்டிராக்டர் ஓடிவந்து, "நல்ல நாளும் அதுவுமா இன்னாம்மா இது? அப்பறமா தனியா பேசிக்கலாம்" என்று கெஞ்சினார். "எங்கள தெருவுல வச்சுதான பேசுனீங்க? நானும் பந்தல்லதான் பேசுவேன்" என்று சொல்லி, முறுக்கைத் திருகி அவிழ்த்து, மூட்டையைப் புதுத் தரையில் கொட்டினேன். கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக், மாக்கோலத்தின்மேல் பளபளவென்று கிடந்தது.

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவள் என்று சிலர் என்னை ஏசினார்கள். உண்டது பாயசம்தான், அதிலும் சர்க்கரை குறைவு. அதன்பின் அவருக்கு ஊரில் மூட்டைக் கான்டிராக்டர் என்றே பேர் நிலைத்தது. நகராட்சி வேலை எதுவும் கிடைக்கவில்லை. அவர் மனைவி அன்று அழுததை நினைத்தால் மட்டும் சங்கடமாக இருக்கும். பெரியக்கா மறுநாள் குழாயடிக்கு வந்தார். மெஷின் வரவே இல்லை.

கடைசிக் காலத்தில் ஒருநாள் கான்டிராக்டர் தடி ஊன்றி எங்கள் வாசலில் நின்று, "தாகமா இருக்குதும்மா" என்றார். தண்ணீர் கேட்டவருக்கு இல்லையென்று சொல்வேனா? இரண்டு டம்ளர் கொண்டுவந்தேன். ஒன்று அவர் குடிக்க. இன்னொன்றில் இந்தக் கல் கிடந்தது. குடித்துவிட்டு, கல்லையே பார்த்துக்கொண்டு நின்று, காலி டம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் இறந்துபோனார்.

இப்போது தெருவில் புது ரோடு, யாரோ வெட்டிய பிளாஸ்டிக் சேர்த்துப் போட்டது. ஐந்தாறு மழைக்கும் அசையவில்லை. "அந்த ஆளே போய்ட்டாரு, கல்ல தூக்கிப் போடும்மா" என்கிறாள் மகள். துடைத்துத் திரும்ப அதே இடத்தில் வைக்கிறேன். கல்லை விட்டுத் தார் மூன்றே நாளில் போய்விட்டது. என்னை விட்டுத்தான் அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.