களவெட்டியில் கழற்றிய பெட்டி

உழவு மெசினிலிருந்து, அதாவது ட்ராக்டரிலிருந்து, பின்னால் பூட்டிய பாரப் பெட்டியைக் கழற்றுவதற்குப் பெரிய மூளை தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும் என்று நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்கு இரண்டுமே குறைவு என்பது அதைக் கேட்டவர்களுக்குத் தெரியாது.

முதலில் நிலம் சமமாக இருக்கவேண்டும். பெட்டியின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைக்கவேண்டும். பெட்டியிலிருந்து மெசினை நோக்கி நீளும் இரும்புத் தண்டுக்குக் கீழே கனமான பாலைமரக் குற்றி ஒன்றை நிறுத்தவேண்டும். தண்டை மெசினோடு பூட்டும் இரும்புப் பின்னை உருவியதும் சுமை முழுவதும் அந்தக் குற்றியில்தான் இறங்கும். பின் இறுகியிருந்தால் ஓட்டுபவர் மெசினை ஒரு விரற்கடை பின்னுக்கு எடுத்துக்கொடுப்பார். இதில் ஒரேயொரு சட்டம் உண்டு. ஆள் விலகிய பிறகுதான் மெசின் அசையவேண்டும், மெசின் நின்ற பிறகுதான் ஆள் குனியவேண்டும்.

அந்தச் சட்டத்தை நான் ஒருமுறை மீறினேன். அத்தானுடைய வலது கை போனது.

அத்தான் என்றால் என் அக்காவின் புருஷன். என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து நெடுங்கேணிப் பக்கம் வந்தபோது அவர்களுக்கு ஒரு காணியும் எனக்குப் பக்கத்துக் காணியும் தந்தார்கள். புகையிலைக்குத் தண்ணீர் இறைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். நெல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அத்தானுக்கு அது கையோடு வந்தது. பனையோலைக் கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் விதை எறிந்தால் வயல் முழுக்க ஒரே சீராக முளைக்கும். கைராசி என்று பேர் பரவி, அயல் காணிக்காரர்கள் எல்லாரும் முதல் பிடி விதையை எறிய அவரைத்தான் கூப்பிடுவார்கள். விதைப்புக் காலத்தில் அக்காவுக்கு அவரைச் சாப்பிடக் கூப்பிடுவதே பெரும்பாடு. கூப்பிட்ட இடமெல்லாம் போய்விடுவார். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சலும் உண்டு. நான் எறிந்த விதை கோழி கிளறியதுபோல முளைக்கும்.

சூடு அடிக்கும், அதாவது கதிரை மிதித்து நெல்லைப் பிரிக்கும், களவெட்டியில் எப்படி நடக்கவேண்டும் என்பதை அந்த மண்ணின் பழைய ஊர்க்காரர்களிடம்தான் கற்றுக்கொண்டோம். களவெட்டிக்குள் செருப்போடு போகக்கூடாது. 'இல்லை' என்று சொல்லக்கூடாது. போதும் என்ற கருத்தில் 'காணும்' என்று சொல்லக்கூடாது. 'முடிஞ்சுது', 'நிப்பாட்டு' எதுவும் வாயில் வரக்கூடாது. சொன்னால் பூதம் நெல்லை வாரிக்கொண்டு போய்விடும். எதற்கும் 'பொலி', பெருகட்டும், என்பதுதான் பேச்சு. மாடு மிதித்த காலத்துச் சொற்கள் இவை. மெசின் வந்த பிறகு நாங்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம். பின்னுக்கு எடு என்றால் பெட்டியில் ஒரு தட்டு, முன்னுக்குப் போ என்றால் இரண்டு தட்டு. நில் என்பதற்குத் தட்டு வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று பிறகு எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன்.

அந்த விபத்துக்கு முந்திய வருஷம் எங்கள் நெல் பதராய்ப் போனது. பூக்கும் நேரத்தில் குளத்தில் தண்ணீர் இருக்கவில்லை. காரணம் அவ்வளவுதான். ஆனால் ஆத்திரக்காரனுக்கு ஒரு ஆள் வேண்டுமே. களவெட்டியில் கதிர்க்கட்டு இறக்கும்போது அத்தான் மறதியாய் 'காணும்' என்று சொன்னது என் ஞாபகத்தில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வருஷம் முழுக்க அந்த மனிதனைக் குத்திக்காட்டினேன். அவர் சிரித்துச் சமாளிப்பார். அக்காதான் முகத்தைத் திருப்பிக்கொள்வா.

அடுத்த மாசியில் விளைச்சல் நன்றாக இருந்தது. நெடுங்கேணியில் ஒருவரிடம் மெசின் இருந்தது. சூட்டுக்காலத்தில் அதை ஓட்டுவது நான். அன்று காலையில் வயலுக்கு இறங்கும்போதே அருவி வெட்ட, கதிர் அறுக்க, வந்த இரண்டு பேருக்கும் முன்னால் வைத்து அத்தானிடம் சொன்னேன்.

"அத்தான், இண்டைக்குக் களவெட்டிக்கை வாய் திறக்கப்படாது. போன வரியம் உங்கடை வாயாலைதான் எல்லாம் போனது."

"சரி மச்சான்," என்றார். "நான் ஒண்டும் கதைக்கேல்லை."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மூத்த மனிதனை அப்படிப் பேசியது பிழை என்று அப்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் பேசினேன்.

பின்னேரம் கடைசிப் பெட்டி கதிரோடு களவெட்டிக்கு வந்து சேர்ந்தோம். கிழக்கே மழை கறுத்துக்கொண்டு நின்றது. பெட்டியைக் கழற்றினால்தான் மெசினைச் சுற்றவிட்டுக் கதிரை மிதிக்கலாம். நனைந்தால் அந்த வருஷமும் போச்சு. கதிர்க்கட்டுகளை முன்பக்கமாக அதிகம் ஏற்றியிருந்ததால் தண்டில் நல்ல பாரம். அத்தான் கல் வைத்தார், குற்றியை நிறுத்தினார், பின்னை இழுத்தார். அது வரவில்லை. விலகி நின்று பெட்டியில் ஒரு தட்டுத் தட்டினார். நான் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து நிறுத்தினேன். பின் வந்துவிட்டது.

அதோடு சரியாகியிருக்கவேண்டும். ஆனால் குற்றி நின்ற இடத்தில் நிலம் ஈரம். குற்றி சரியத் தொடங்கியது. தண்டு மெசினின் இரும்பில் சாய்ந்து தொங்கியது. அத்தான் குனிந்து குற்றியை நிமிர்த்த வலது கையை உள்ளே விட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். இதைச் சொல்லத்தான் வேண்டும். நான் திரும்பிப் பார்த்தேன், அவர் குனிந்திருந்ததைக் கண்டேன். மழையையும் கண்டேன். இந்த மனிதன் எதற்கு இவ்வளவு நேரம் மினைக்கெடுகிறார் என்று எரிச்சல் வந்தது. இன்னும் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தால் தண்டு தானாக விடுபட்டு விழும் என்று நினைத்தேன். கியரில் கை வைத்தேன். அவர் குற்றியைப் பிடித்த கையை விடாமல் தலையை மட்டும் நிமிர்த்தி என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. திறந்த வாய் மூடியது. 'நில்' என்று ஒரு சொல் வந்திருந்தால் என் கால் பிறேக்கில் விழுந்திருக்கும். வரவில்லை. நான் கிளச்சை விட்டேன்.

இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் கை போனது. அப்போதும் அவர் கத்தவில்லை. மூக்கால் மூச்சு மட்டும் வந்தது. வெட்டுக்காரர்கள்தான் ஓடி வந்தார்கள். அவர்களும் களவெட்டியை விட்டு வரம்புக்கு வந்த பிறகுதான் ஐயோ என்றார்கள்.

என் சாரத்தை அவிழ்த்துக் கையைச் சுற்றினேன். அரைக் காற்சட்டையோடு மெசினில் ஏறினேன். அவரைச் சில்லுக்கு மேலேயுள்ள மட்காட்டில் இருத்தி ஒரு வெட்டுக்காரர் கட்டிப்பிடித்துக்கொண்டார். பெட்டி களவெட்டியில் கழன்று கிடந்தது, எந்தச் சிக்கலும் இல்லாமல். நெடுங்கேணிக்குப் போய் அங்கிருந்து ஒரு லொறியில் வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மணிக்கட்டுக்கு மேலே எடுக்கவேண்டி வந்தது. மழை பெய்யவேயில்லை. கறுத்தது, அப்படியே கலைந்து போய்விட்டது.

அத்தான் ஆஸ்பத்திரியில் கிடக்க, அயலவர்கள் சேர்ந்து எங்கள் சூட்டை அடித்துத் தந்தார்கள். குடியேறிய நாளிலிருந்து அப்படி ஒரு விளைச்சலை நாங்கள் கண்டதில்லை. நெல் வைக்க இடமில்லாமல் குசினிக்குள்ளும் மூட்டை அடுக்கினோம். அக்கா அந்த மூட்டைகளில் முட்டி முட்டிக் கஞ்சி காய்ச்சினா. என்னோடு கதைக்கவில்லை.

சூடு அடிக்க வந்தவர்களில் பழைய ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். களவெட்டி முறைகளை எங்களுக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். அத்தான் ஏன் கத்தவில்லை என்று அவர் கேட்டார். நான் வாய் திறக்கவேண்டாம் என்று சொன்னதைச் சொன்னேன். அவர் தூக்கிய கதிர்க்கட்டைக் கீழே போட்டார்.

"தம்பி, மனிசருக்கு ஆபத்தெண்டால் எதையும் சொல்லலாம். மாட்டுக்குக் கால் முறிஞ்சாலே நாங்கள் கூப்பாடு போடுவம். இதையும் உங்களுக்குச் சொல்லித் தரவேணுமே?"

அந்த ஊரில் பிறந்தவன் எவனும் இந்தப் பிழையைச் செய்திருக்கமாட்டான். எதை எங்கே விடவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். நாங்கள்தான் வந்தேறிகள், படித்ததை எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தவர்கள். அன்று அந்தக் கிழவரின் காலில் விழுந்து அழவேண்டும்போல இருந்தது. அழவில்லை. மூட்டை தூக்கப் போய்விட்டேன்.

அடுத்த விதைப்பில் அத்தான் இடது கையால் எறிந்து பார்த்தார். விதை குவியல் குவியலாக விழுந்தது. ஒருவரும் அவரைக் கூப்பிட வரவில்லை. கடகத்தை என்னிடம் தந்துவிட்டு வரம்பில் குந்திக்கொண்டார்.

மறுபடி மாசி வந்தபோது நான் அவரிடம் போனேன். இனி எங்கள் களவெட்டியில் இந்த வாய்க்கட்டு வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். அந்த ஊர்க்காரர் சொன்னதையும் சொல்லிவிடவேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிவைத்திருந்தேன்.

"அத்தான், இந்த முறை பெட்டி கழட்டேக்கை ஆரும் என்னத்தையும் கத்தலாம் எண்டு சொல்லப்போறன்."

"விசரே உனக்கு?" என்றார். நான் அறிய அவர் என்மேல் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான். "போன வரியம் நான் வாய் திறக்கேல்லை. அதாலைதான் அந்த நெல்லு வந்தது. என்ரை கை சும்மா போகேல்லை மச்சான்."

மொட்டைக் கையைத் துணியால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். வாசலில் நின்ற அக்காவும் என்னைப் பார்த்தா. சரி அத்தான் என்று சொல்லிவிட்டேன். அந்த ஊர்க்காரர் சொன்னதைச் சொன்னால் அவருக்கு மிச்சம் என்ன இருக்கும்?

அந்த வருஷம் மெசினை வேறொருவர் ஓட்டினார். கீழே நின்று பின்னை உருவுவது நான்தான் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். கல் வைத்தேன், குற்றியை நிறுத்தினேன். நிலம் காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் குற்றி புரண்டது. தண்டு நேரே என் இடது காற்பெருவிரலில் வந்து விழுந்தது. கண் இருண்டது. வாய் தானாகத் திறந்தது.

அத்தான் களவெட்டி ஓரத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொலி," என்றேன்.

அவர் மெதுவாகத் தலையாட்டினார்.