குறைவாகச் சாப்பிட்ட தாயின் குட்டிகள்

1. ஆறாம் மாதம் தொடங்கியதும் மாமியார் என் இரவுச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தார்.
2. வாந்தி நிற்காததால் எனக்கும் அது வசதியாகவே இருந்தது.
3. நான் வேலை செய்யும் ஆய்வகத்துக்குப் பன்றிக்குட்டிகளின் தொடைத் தசை ஸ்லைடுகள் வந்தன.
4. அதே வாரம் செம்பூரில் ஸ்கேன் எடுத்த டாக்டர், ஆறாம் மாதத்துக்குக் குழந்தை சிறியதாக இருக்கிறது என்றார்.

சினையில் நல்ல தீனி கிடைத்த பன்றியின் குட்டிகளுடைய ஸ்லைடுகள் ஒரு தட்டில், தீனி குறைக்கப்பட்டதன் குட்டிகளுடையவை இன்னொன்றில். மைக்ரோஸ்கோப்பில் முதல் வகையின் தசை நார்கள் இடைவெளியே இல்லாமல் நெருங்கியிருந்தன. இரண்டாவதில் நார்களே குறைவு, நடுநடுவே இடைவெளிகள். பிறந்தபின் நார்கள் தடிக்கும். எண்ணிக்கை பெரும்பாலும் வயிற்றுக்குள்ளேயே முடிவாகிவிடும். இதைப் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்குப் பல முறை சொல்லியிருக்கிறேன். அன்று அந்த ஸ்லைடை மாற்றாமல் நார்களை மறுபடி எண்ணினேன்.

மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் சாப்பாடு பரிமாறுவது மாமியார்தான். அன்றிரவு இன்னும் கொஞ்சம் சாதம் கேட்டேன்.

"போறும். கொழந்தை பெருசாயிடுத்துன்னா அப்புறம் கத்திதான். நேக்கு ரெண்டும் சுகப்பிரசவம், இப்படி இருந்துதான்."

ஸ்லைடில் பார்த்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"பன்னிக்கு ஒரு ஈத்துக்குப் பத்துக் குட்டி, பங்கு போட்டுக்கறது. உன் வயத்துல ஒண்ணுதானே? அத்தனையும் அதுக்குத்தான். இந்த லேப் கதையெல்லாம் சமையல்கட்டுக்குக் கொண்டு வராதே."

அவர் சொன்னதிலும் ஒரு கணக்கு இருந்தது. பன்றியை வைத்து மனிதக் குழந்தையை முடிவு செய்யக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் படுத்தால் அந்த இடைவெளிகள்தான் கண்ணில் நின்றன.

மறுநாள் ஸ்கேன் ரிப்போர்ட்டை அவர் கையில் கொடுத்து, டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார்.

"என்னாலயா?" என்றார்.

"தெரியலை அம்மா. நஞ்சுக்கொடிலயும் கோளாறு இருக்கலாமாம். இப்போ நன்னாச் சாப்பிடச் சொல்றா."

அவர் அரிசி களையப் போனார். குழாயைத் திறந்தவர் வெகுநேரம் மூடவில்லை.

இப்போது தட்டில் பருப்பும் தயிரும் நிறைய விழுகின்றன. பாதி வாந்தியில் போகிறது, மறுபடி சாப்பிடுகிறேன். குழந்தை அசைகிறது. எடை கூடியிருக்கிறதா என்பது அடுத்த ஸ்கேனில்தான் தெரியும். தசை நார்களை எந்த ஸ்கேனும் காட்டாது.